கேமராவைக் கடைசியாக வாங்குங்கள்: அந்தமான் பயணத்துக்கும் கடலடிப் படங்களுக்கும் முழுமையான வழிகாட்டி

முதன்முறை அந்தமான் போய்வந்து படங்களைக் கணினியில் திறந்து பார்த்தபோது, எல்லாமே அளவு தெரியாமல் நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி இருந்தன. கோமாளி மீன் நீலம், பவளம் நீலம், கூட வந்த நண்பனின் முகமும் நீலம். கேமரா நல்ல கேமராதான். ஆறு மாதம் விமர்சன வீடியோ பார்த்து, மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியது. நான் கேட்காமல் விட்ட கேள்விகள் வேறு. எவ்வளவு ஆழம் போகப்போகிறேன்? அங்கே வெளிச்சம் எங்கிருந்து வரும்? இதையெல்லாம் எந்தப் பையில் தூக்கிப் போவேன்?

அதன்பிறகு பல முறை போய்விட்டேன். ஒரு கேமராவைக் கடலுக்குக் கொடுத்தும் விட்டேன், அந்தக் கதை கீழே வரும். இப்போது யாராவது வந்து "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று கேட்டால், அதைக் கடைசியில் பேசுவோம் என்பேன். ஆழம், வெளிச்சம், பை, அப்புறம்தான் கேமரா. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை. ஹேவ்லாக் 2018இல் ஸ்வராஜ் தீவு ஆனது, போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டைவ் செய்கிறவர்கள் பேச்சில் பழைய பெயர்கள்தான் புழங்குகின்றன. நானும் அப்படியே எழுதுகிறேன்.

படி 1: எவ்வளவு ஆழம்?

அந்தமான் போகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது பயிற்சியில்லாதவர்களுக்கான முதல் டைவ். அதில் அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். பயிற்றுநர் உங்கள் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே கூட வருவார். நீங்கள் மூச்சு விடுவதையும் காது அடைப்பதையும் கவனிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். கேமராவைக் கையில் கொடுக்க அநேகமாக ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். படம் எடுக்க டைவ் சென்டரிலேயே ஆள் இருப்பார். ஆகவே அந்த ஒரு டைவுக்காகக் கேமரா வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு இன்னொரு டைவ் போங்கள்.

டைவிங்கின் அடிப்படையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கினால் 18 மீட்டர் வரை போகலாம். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தால் 30 மீட்டர். ஹேவ்லாக்கில் 2ஆம் எண் கடற்கரையை ஒட்டிய நீமோ ரீஃப் ஆழமில்லாத இடம். கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். ஜானீஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள் போன்றவை படகில் போய் இறங்கும் ஆழமான இடங்கள். அங்கே அட்வான்ஸ்டு இல்லாமல் பெரும்பாலும் கூட்டிப்போக மாட்டார்கள்.

இப்போது பெட்டிகளில் எழுதியிருக்கும் எண்களைப் பாருங்கள். புதிய ஐபோன்கள் 6 மீட்டரில் 30 நிமிடம் தாங்கும் என்கிறார்கள். கோப்ரோ வெளிக்கூடு இல்லாமல் 10 மீட்டர். டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 என்றால் 18 மீட்டர், ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர். ஓஎம் சிஸ்டம் டிஜி-7, அதற்கு முந்தைய ஒலிம்பஸ் டிஜி-6 இரண்டும் 15 மீட்டர். அடிப்படைச் சான்றிதழே 18 மீட்டருக்கு அனுமதி தருகிறது, டிஜி வகைக் கேமராவோ 15இல் நின்றுவிடுகிறது. அழகான கடலாமை 17ஆவது மீட்டரில்தான் வரும். அது என் விதி.

ஃபோன் விஷயத்தில் இன்னொன்று. அந்த மதிப்பெண் ஆய்வகத்தின் அசையாத நன்னீரில் வாங்கியது. உப்புத் தண்ணீரில், துடுப்பு அடித்துப் போகும் ஆளின் கையில் இருக்கும் ஃபோனுக்கு அது பொருந்தாது. உள்ளே தண்ணீர் போனால் வாரண்டியும் கிடையாது. தண்ணீருக்குள் தொடுதிரையும் பேசாது. கடற்கரையில் விற்கும் பிளாஸ்டிக் பை இடுப்பளவு தண்ணீரில் விளையாட மட்டும்தான்.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் உங்கள் கேமராவின் கண்ணாடியை, பொத்தானை, மூடியைத் தரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு அழுத்தம் அமுக்குகிறது. எனவே நீங்கள் இன்று போகும் ஆழத்துக்கு வாங்காமல், இரண்டு வருடம் கழித்துப் போகப்போகும் ஆழத்தை மனதில் வைத்து வாங்குங்கள்.

படி 2: வெளிச்சம்

என் வேட்டி ஏன் நீலமானது என்பதற்கு இங்கேதான் பதில். தண்ணீர் நிறங்களை ஒவ்வொன்றாகத் தின்கிறது. முதலில் சிவப்பு. 5 மீட்டருக்குள்ளேயே அது பெரும்பாலும் போய்விடும். அடுத்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். 20 மீட்டர் தாண்டினால் மிஞ்சுவது நீலமும் கொஞ்சம் பச்சையும்தான். ஆழத்தில் ஒருமுறை என் விரலைப் பவளம் கீறியது. ரத்தம் கரும்பச்சையாகக் கசிந்தது. ஒரு நொடி பயந்துவிட்டேன்.

ஆழத்தை மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள், தூரத்தையும் பாருங்கள். வெளிச்சம் மேற்பரப்பிலிருந்து மீனுக்குப் போய், மீனிலிருந்து கேமராவுக்கு வரவேண்டும். அந்த முழுப் பாதையிலும் நிறம் கழிகிறது. அதனால்தான் நல்ல டெலிஃபோட்டோ லென்ஸுக்குக் கடலடியில் வேலையே இல்லை. எவ்வளவு தெளிவான தண்ணீரானாலும் இரண்டு கை நீளத்துக்கு அப்பால் இருப்பது மங்கல்தான். ஒரு மீட்டருக்குள் வரும் பொருளை மட்டும் எடுங்கள் என்பது பழைய டைவர்கள் சொல்லும் பாடம்.

நிறத்தை மீட்க மூன்று வழி உண்டு.

முதலாவது வொய்ட் பேலன்ஸ். வெள்ளைப் பலகை ஒன்றை முன்னால் பிடித்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லித்தருவது. மூன்று நான்கு மீட்டர் இறங்கும்போதெல்லாம் மறுபடி சொல்லித்தர வேண்டும். படங்களை ரா வடிவத்தில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிப்பது) எடுத்தால் வீட்டுக்கு வந்தும் திருத்தலாம். சாதாரண வீடியோவில் அந்தச் சலுகை இல்லை. செலவில்லாத வழி, ஆனால் 10 மீட்டருக்குக் கீழே முற்றிலும் போய்விட்ட சிவப்பை எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியாது. இழுத்தால் வெறும் புள்ளிகள்தான் வரும்.

இரண்டாவது சிவப்பு ஃபில்டர். கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமராவில் வீடியோ எடுப்பவர்களுக்கு நல்லது. வெயில் இருக்கவேண்டும். சுமார் 5 முதல் 20 மீட்டர் வரை பலன் தரும். இது நீலத் தண்ணீருக்கான ஃபில்டர். புதுச்சேரிப் பக்கம் டைவ் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே பல நாள் தண்ணீர் பச்சையாக இருக்கும். அதற்கு மெஜந்தா நிற ஃபில்டர். ஊருக்கு ஒரு தண்ணீர், தண்ணீருக்கு ஒரு ஃபில்டர். விளக்கோ ஃபிளாஷோ எரியும்போது ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீன் தக்காளிச் சாறு ஆகிவிடும்.

மூன்றாவது, உங்கள் வெளிச்சத்தை நீங்களே கொண்டுபோவது. தண்ணீருக்குள் பயன்படுத்தும் ஃபிளாஷுக்கு ஸ்ட்ரோப் என்று பெயர். இனான், சீ அண்ட் சீ, பேக்ஸ்கேட்டர் போன்றவர்கள் செய்கிறார்கள். எனக்குக் கிடைத்த மிகப்பெரிய பாடம் இதுதான்: சாதாரணக் கேமராவும் ஒரு ஸ்ட்ரோபும் சேர்ந்து எடுக்கும் படம், விலை உயர்ந்த கேமரா தனியாக எடுக்கும் படத்தைவிட நன்றாக இருக்கும். ஒவ்வொரு முறையும். பணம் குறைவாக இருந்தால் கேமராவில் ஒரு படி இறங்கி ஸ்ட்ரோபை வாங்குங்கள்.

தொடர்ந்து எரியும் வீடியோ விளக்கு போதாதா என்று கேட்பார்கள். வீடியோவுக்கு அது வேண்டும். படத்துக்கு, ஸ்ட்ரோப் அந்த ஒரு கணத்தில் கொட்டும் வெளிச்சத்தின் பக்கத்தில் விளக்கு நிற்காது. ஸ்ட்ரோபின் மின்னல் மிகச் சிறிய நேரமே இருப்பதால் மீனின் அசைவும் உறைந்துவிடும்.

ஸ்ட்ரோபைக் கேமராவோடு ஒட்டி வைக்காதீர்கள். தண்ணீரில் மிதக்கும் தூசு எல்லாம் வெளிச்சம் பட்டு, படம் முழுக்க மாவு தூவிய மாதிரி ஆகும். ஸ்ட்ரோபைத் தாங்கும் கையை நீட்டி, அதைப் பக்கவாட்டில் தள்ளி, கொஞ்சம் வெளிப்புறம் பார்க்கத் திருப்புங்கள். வெளிச்ச வட்டத்தின் விளிம்பு மட்டும் மீனைத் தொடவேண்டும். சொல்ல எளிது, கை பழக நான்கைந்து டைவ் ஆகும்.

கடையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: கேமராவில் சொந்த ஃபிளாஷ் இருக்கிறதா? ஸ்ட்ரோபை இயக்கச் சுலபமான வழி, கேமராவின் சின்ன ஃபிளாஷ் மின்னுவதை ஒரு ஒளியிழைக் கம்பி வழியாக ஸ்ட்ரோபுக்குக் காட்டுவது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் ஃபிளாஷ் உண்டு. அதே உருவத்தில் வரும் இசட்வி-1இல் இல்லை. ஏ6400இல் உண்டு, அதற்குப் பின் வந்த ஏ6700இல் இல்லை. ஃபிளாஷ் இல்லாவிட்டால் ஸ்ட்ரோபை இயக்கத் தனி டிரிக்கர் வாங்கவேண்டும். இது தெரியாமல் புதியது நல்லது என்று வாங்கி வந்து முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 3: பை

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம். உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குக் கைப்பை 7 கிலோ, சரக்குப் பெட்டி 15 கிலோ என்பதுதான் வழக்கமான கணக்கு. அப்புறம் ஹேவ்லாக்குக்குக் கப்பல், துறைமுகத்தில் இறங்கி ஆட்டோ, காலையில் டைவ் படகு. ஒவ்வொரு இடத்திலும் தூக்கப்போவது நீங்கள்தான்.

பெரிய சென்சார் கொண்ட ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா, அலுமினிய ஹவுசிங் (தண்ணீர் புகாத வெளிக்கூடு), அதன் முன்னால் மாட்டும் அரைக்கோளக் கண்ணாடியான டோம், இரண்டு ஸ்ட்ரோப், அவற்றின் கைகள் என்று சேர்த்தால் கைப்பைக் கணக்கு முழுவதும் அதிலேயே தீர்ந்து, மேலும் போகும். டிஜி வகைக் கேமராவும் அதன் ஹவுசிங்கும் ஒரு சின்ன ஸ்ட்ரோபும் இரண்டு, இரண்டரை கிலோவில் முடியும். மிச்ச எடையில் உங்கள் சொந்த மாஸ்க்கைக் கொண்டுபோகலாம். பொருந்தாத மாஸ்க் போட்டுக்கொண்டு யாரும் நல்ல படம் எடுத்ததில்லை.

லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான் போகவேண்டும். 100 வாட்-அவர் வரை தடையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-அவர்தான், கவலை வேண்டாம். டைவ் விளக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். பைக்குள் தானாக எரிந்தால் சூடு பயங்கரமாக ஏறும். பாதுகாப்புச் சோதனையிலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

படி 4: இப்போது கேமரா

கடலடிக் கேமராவின் கதை ஹவுசிங் இல்லாமல்தான் பிரபலமானது. கடல் ஆய்வாளர் ஜாக் கூஸ்தோவுக்காக ஜான் டி வூட்டர்ஸ் வடிவமைத்த கலிப்ஸோ என்ற ஃபிலிம் கேமரா நேரடியாகத் தண்ணீரில் இறங்கியது. அதை நிக்கான் உரிமம் வாங்கி 1963இல் நிக்கோனாஸ் என்று விற்றது. 2001 வரை அந்த வரிசை ஓடியது. அந்த இடத்தை இன்று நிரப்புவது, என் பார்வையில், டிஜி வரிசைதான்.

டிஜி-7 பற்றிச் சொல்கிறேன். சென்சார் சின்னது, 12 மெகாபிக்சல்தான். ஷட்டர் வேகத்தையும் லென்ஸ் துளையையும் நாமே வைத்துக்கொள்ளும் முழு மேனுவல் முறையும் இல்லை. மாலை வெளிச்சத்தில் கரையில் எடுத்த படத்தை உங்கள் ஃபோன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் ஃபோன் ஜெயிக்கும். ஆனால் அதில் மைக்ரோஸ்கோப் முறை என்று ஒன்று இருக்கிறது. லென்ஸின் முன்னால் 1 சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். நகக்கண் அளவு கடல் நத்தை ஒன்று, தலையில் இரண்டு கொம்பு, முதுகில் பூ மாதிரி செவுள். வெறும் கண்ணுக்கு ஒரு நூல் துண்டு போலத்தான் தெரிந்தது. திரையில் பார்த்தபோது அதன் ஒவ்வொரு புள்ளியும் எண்ணும்படி இருந்தது. இந்த விலையில் வேறெந்தக் கேமராவும் இதைச் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. கடலுக்கடியில் பயன்படுத்தவே தனி வொய்ட் பேலன்ஸ் முறைகளும் உண்டு. பிடி-059 என்ற ஹவுசிங் போட்டால் 45 மீட்டர் போகலாம். டிஜி-6க்கும் டிஜி-7க்கும் அதே ஹவுசிங் பொருந்தும்.

டிஜியை ஹவுசிங் இல்லாமல் இறக்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேட்டரிக் கதவும் இணைப்புக் கதவும் மூடிய பின் பூட்டும் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஈரக் கையோடு கடற்கரையில் உட்கார்ந்து கதவைத் திறக்காதீர்கள். ஒரு மணல் போதும்.

ஆக்‌ஷன் கேமராக்கள் வீடியோவுக்கு அருமை. சிறியவை, பழுதாவது குறைவு, பார்வைக் கோணம் அகலம். கூட்டமாகப் போகும் சீலா மீன், தலைக்கு மேலே போகும் திருக்கை, படகிலிருந்து பின்னால் சாயும் நண்பர் எல்லாம் இதில்தான் நன்றாக வரும். கிட்டத்தில் இருப்பதை எடுக்க முடியாது. கோப்ரோவுக்குச் சுமார் 30 சென்டிமீட்டருக்கு இந்தப் பக்கம் ஃபோகஸ் கிடையாது. சின்ன இறாலை எடுக்க நினைத்தால் தனி மேக்ரோ லென்ஸ் மாட்டவேண்டும்.

ஒரு இன்ச் சென்சார் கொண்ட சிறிய கேமராக்கள், அதாவது ஆர்எக்ஸ்100, கேனான் ஜி7 எக்ஸ் போன்றவை, தரைக்கும் கடலுக்கும் சேர்த்து ஒன்றே போதும் என்பவர்களுக்கு. கேனானில் வொய்ட் பேலன்ஸைத் தண்ணீருக்குள் மாற்றுவது சுலபம். ஒரே கேமராவில் செல்லுலார் சிறையின் நீண்ட தாழ்வாரத்தையும் எடுத்து, மறுநாள் பாம்பு மாதிரி இருக்கும் அஞ்சாளை மீனையும் எடுக்கலாம்.

லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் கேமரா ஏற்கனவே வைத்திருப்பவர்கள் அதற்கே ஹவுசிங் தேடுவது நியாயம். ஆனால் கடலுக்காகவே ஃபுல் ஃப்ரேம் வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். காரணம் அடுத்த படியில்.

யாருக்கு எது என்று என்னைக் கேட்டால்: மேலே மிதந்து பார்ப்பவருக்கும் முதல் டைவ் போகிறவருக்கும் ஆக்‌ஷன் கேமரா, அல்லது எதுவும் வேண்டாம். ஓப்பன் வாட்டர் முடித்து ஆசை வந்தவருக்கு டிஜி, ஹவுசிங், ஒரு ஸ்ட்ரோப். ஐம்பது டைவ் முடிந்து இன்னமும் ஆசை தீராதவருக்கு ஒரு இன்ச், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அல்லது ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமரா (மூன்றும் ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்). ஃபுல் ஃப்ரேம் வாங்குகிறவர்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது.

படி 5: ஹவுசிங், அதன் கண்ணாடி

ஒரு ஹவுசிங் ஒரு மாடலுக்கு மட்டும்தான். அடுத்த மாடலில் ஒரு பொத்தான் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பழைய ஹவுசிங் அலமாரிப் பொருள் ஆகிவிடும். பெரிய கேமராக்களில் ஹவுசிங்கின் விலை கேமராவின் விலையைத் தாண்டிப் போவது சாதாரணம். ஆகவே முதலில் ஹவுசிங் கிடைக்கிறதா, என்ன விலை என்று பாருங்கள். நாட்டிகாம், ஐகலைட், ஐசோட்டா போன்றவர்கள் எந்தெந்த மாடல்களுக்குச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதில் உங்கள் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். போன தலைமுறைக் கேமராவும் அதன் ஹவுசிங்கும் சேர்ந்தே பழைய விலைக்கு வரும். புத்திசாலித்தனமான வாங்கல் அதுதான்.

முன்னால் இருக்கும் கண்ணாடியைப் போர்ட் என்பார்கள். தட்டையான போர்ட் என்றால் ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்குள் வரும்போது வளைந்து, பார்வைக் கோணம் சுருங்கும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதனால் 24 மி.மீ. லென்ஸ் தண்ணீருக்குள் 32 மி.மீ. போல நடந்துகொள்ளும். மேக்ரோவுக்கு இது லாபம், அகலப் படத்துக்கு நட்டம்.

அரைக்கோள டோம் போர்ட் அந்தச் சுருக்கத்தை நீக்குகிறது. ஆனால் ஒரு விசித்திரம் நடக்கும். கடல் முழுவதும் டோமின் முன்னால் ஒரு வளைந்த மாயப் பிம்பமாக வந்து நிற்கும். டோமின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால், முடிவிலியில் இருக்கும் பாறைகூட டோமிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டரில் இருப்பதாகத்தான் லென்ஸுக்குத் தெரியும். எனவே கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் லென்ஸ் வேண்டும். பிம்பம் வளைந்திருப்பதால் ஓரங்கள் குழையும். அதைச் சரிசெய்யத் துளையைச் சிறிதாக்க வேண்டும். எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்; ஏபிஎஸ்-சியில் எஃப் 8 போதுமான இடத்தில் ஃபுல் ஃப்ரேமில் எஃப் 11, 13 என்று போகவேண்டும். துளை சிறிதானால் வெளிச்சம் குறையும். அப்போது ஐஎஸ்ஓவை (ஒளிக்கு சென்சார் காட்டும் உணர்திறனை) கூட்டவேண்டும், அல்லது பெரிய ஸ்ட்ரோப் வாங்கவேண்டும். ஃபுல் ஃப்ரேம் தரும் லாபத்தின் பெரும்பகுதியை டோமே தின்றுவிடுகிறது. பையில் மூன்று கிலோ கூடியதுதான் மிச்சம்.

சிறிய கேமராக்களுக்கு இன்னொரு வசதி உண்டு. தண்ணீருக்குள்ளேயே திருகிப் போட்டுக் கழற்றும் வெளி லென்ஸ்கள். ஒரே டைவில் அகலமும் எடுக்கலாம், நுணுக்கமும் எடுக்கலாம். போட்டவுடன் லென்ஸுக்கும் போர்ட்டுக்கும் நடுவே சிக்கிய காற்றுக் குமிழியை ஆட்டி வெளியேற்ற மறக்காதீர்கள்.

படி 6: ஓ-ரிங், ஒரு தலைமுடி

எல்லாத் தொழில்நுட்பமும் கடைசியில் ஹவுசிங் மூடியை அடைக்கும் ஒரு ரப்பர் வளையத்தில், அதாவது ஓ-ரிங்கில், தொங்குகிறது. அவசரமான காலை, படகுக்காரர் கூப்பிடுகிறார். பேட்டரி மாற்றினேன், ஹவுசிங்கை மூடினேன், கிளிப் 'டக்' என்று விழுந்தது. 14 மீட்டரில் லென்ஸின் கீழே ஒரு கோடு தண்ணீர் தள்ளாடுவதைப் பார்த்தேன். மேலே வந்து திறந்தால், ஓ-ரிங்கின் குறுக்கே ஒரு தலைமுடி. என்னுடையதுதான், ஒரு விரல் நீளம். கேமரா அன்றே போய்விட்டது. அரிசி டப்பா வைத்தியம் உப்புத் தண்ணீரிடம் பலிக்காது.

அதன்பிறகு நான் செய்வது இது. முந்தைய இரவே, ஏசி ஓடும் அறையில் உட்காருவேன். அங்கே காற்று உலர்ந்திருக்கும். ஈரக் காற்றோடு மூடினால் ஆழத்தின் குளிரில் உள்கண்ணாடி பனித்துவிடும். தலையில் துண்டு கட்டிக்கொள்வேன், என் மனைவி சிரிப்பாள். ஓ-ரிங்கைப் பிளாஸ்டிக் முனையால் மெதுவாக எழுப்பி எடுப்பேன், ஊசியோ கத்தியோ கிட்டே வரக்கூடாது. அது உட்காரும் பள்ளத்தைப் பஞ்சு போகாத துணியால் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பேன். ரிங்கை இரண்டு விரலுக்கு நடுவே மெல்ல இழுத்துச் சுற்றிவந்தால் மணலும் வெடிப்பும் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாதது கூட. கடுகளவு கிரீஸ். பளபளப்பு வந்தால் போதும், வழிந்தால் அதுவே தூசைப் பிடிக்கும். கிரீஸ் தண்ணீரைத் தடுப்பதற்கில்லை, ரிங் சுலபமாக வழுக்கி உட்காரத்தான். ஹவுசிங்கோடு வந்த கிரீஸை மட்டும் பயன்படுத்துங்கள். வேறு நிறுவனத்துக் கிரீஸில் சில ரிங்குகள் ஊதிப்போகும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அதுவும் ரிங்கைத் தொடாத இடத்தில்.

புதிய ஹவுசிங்கை முதலில் கேமரா இல்லாமல் ஒரு டைவ் இறக்குங்கள். உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்தால் சொட்டு நுழைந்தாலும் காட்டிக்கொடுக்கும். காற்றை உறிஞ்சி அழுத்தம் நிற்கிறதா என்று சொல்லும் வெற்றிடச் சோதனைக் கருவி உங்கள் ஹவுசிங்குக்கு உண்டென்றால் வாங்கிவிடுங்கள். எனக்கு அது அன்று இருந்திருந்தால் அந்தத் தலைமுடி கரையிலேயே பிடிபட்டிருக்கும்.

தண்ணீர் புகுந்துவிட்டால் பதறி மேலே பறக்காதீர்கள். நிமிடத்துக்கு 9 மீட்டர்தான் பாதுகாப்பான வேகம். கேமராவை இன்னொன்று வாங்கலாம்.

படி 7: தரைக்கு என்ன?

அதிகம் வேண்டாம். 24இலிருந்து 100 மி.மீ. வரை போகும் ஒரு ஜூம், ஒரு சின்ன டிரைபாட், கடல் மினுக்கத்தைக் குறைக்க ஒரு போலரைசர். ராதாநகர் மேற்குப் பார்த்த கடற்கரை, மாலைக்கு. காலாபத்தர் கிழக்கு, விடியலுக்கு. ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் பனித்துவிடும். அரை மணி முன்னால் பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

எடுக்கக் கூடாததும் உண்டு. போர்ட் பிளேர் விமான நிலையம் கடற்படைத் தளத்தோடு சேர்ந்தது, அங்கே கேமராவைப் பைக்குள் வையுங்கள். பாராடாங் போகும் சாலையில் ஜராவா பழங்குடி மக்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனை உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அது கேவலம்தான்.

படி 8: தண்ணீரில் இறங்குமுன்

கேமராவை முதன்முதலாகக் கடலில் பழகாதீர்கள். ஊரில் ஒரு நீச்சல்குளத்தில் இறங்கி, அடியில் ஒரு ஸ்பூனையும் பிளாஸ்டிக் பொம்மையையும் போட்டு எடுத்துப் பழகுங்கள். எந்தப் பொத்தான் எங்கே என்று கை சொல்லவேண்டும். ஸ்ட்ரோப் வைத்துக் கிட்டத்தில் எடுக்க 1/160 நொடி, எஃப் 8, ஐஎஸ்ஓ 200 என்று தொடங்குங்கள். பின்னணி நீலம் கறுத்தால் ஷட்டரை மெதுவாக்குங்கள், மீன் வெளுத்தால் ஸ்ட்ரோபைக் குறையுங்கள். டிஜியில் இவ்வளவு மாற்ற இடமில்லை. அதன் கடலடி மேக்ரோ முறையே பார்த்துக்கொள்ளும்.

மிதவைக் கட்டுப்பாடு, அதாவது தண்ணீருக்குள் ஏறாமல் இறங்காமல் நிற்கும் பழக்கம், வரும்வரை கேமரா வேண்டாம் என்பேன். படத்துக்காகக் குனிந்தவரின் துடுப்பு பின்னால் பவளத்தை உடைப்பதை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அதைவிட, விரல் நீளம் வளர அதற்கு வருடங்கள் ஆகின்றன. முதல் சில டைவில் நகராததை மட்டும் எடுங்கள்: பொந்தில் இருக்கும் அஞ்சாளை, கடற்பஞ்சு, கடற்சாமந்திக்குள் ஒளியும் கோமாளி மீன். பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) கிடைத்தால் அதிர்ஷ்டம், அதுவே நிறம் மாறி உங்களுக்கு போஸ் கொடுக்கும். இரண்டு படம் எடுத்தால் ஒருமுறை காற்று மீட்டரைப் பாருங்கள்.

மேலே வந்ததும் ஹவுசிங்கை நன்னீரில் அரை மணி ஊறவிட்டு, உள்ளேயே ஒவ்வொரு பொத்தானையும் பத்துத் தடவை அமுக்குங்கள். உப்பு காய்ந்து படிந்தால் பொத்தான் இறுகும். டைவ் சென்டரின் பொதுத் தொட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மேலே யாராவது ஈயக் கட்டியைப் போட்டுவிடுவார்கள். இரவில் படங்களை இரண்டு இடத்தில் ஏற்றுங்கள். 2020இல் சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டருக்குக் கடலடி இணையக் கேபிள் வந்தபிறகு ஹேவ்லாக்கில் இணையம் பரவாயில்லை. ஆனாலும் முழு டைவின் வீடியோவுக்குக் கையோடு கொண்டுபோகும் ஹார்ட் டிஸ்க்தான்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடவேண்டும். அந்த ஒரு நாள் தரைக் கேமராவுக்கு. நான் பெரும்பாலும் அன்று காலை செல்லுலார் சிறைக்குப் போவேன், மதியம் வந்து வராந்தாவில் எல்லாவற்றையும் விரித்துக் காயவைப்பேன். பெட்டி கட்டும்போது ஹவுசிங்கின் பெரிய ஓ-ரிங்கைக் கழற்றித் தனிப் பையில் போட்டுவிட்டு மூடியை லேசாக வைத்திருங்கள். அப்படியே இறுக்கி மூடி விமானத்தில் ஏற்றினால், ஊருக்கு வந்து அதைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும்.